வெட்டிய விளிம்பு

"அம்மா, மேல கிளிப் தெரியுது. வெட்டிருவோமா?" என்றாள் மகள். நான் செய்த குட்டி ரயிலுக்குப் பின்னால் நீலத் தாளைக் கிளிப் மாட்டி நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு முகம் சுட்டது.

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் படித்தபோது, பள்ளிக் கண்காட்சிக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் எங்கள் தோட்டத்து பேக்டரியைச் செய்திருந்தேன். படம் பிடித்த வாத்தியார் சேர், பேக்டரிக்குப் பின்னால் வெள்ளைத் துணி வேண்டும் என்றார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்திருந்த அம்மா, துணியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அதன் பின்னால் மறைந்து நின்றாள்.

"ஆட்டாம புடிங்கம்மா."

"ஆடாதுங்க சேர்" என்றது துணி.

கழுவி வந்த படத்தில் பேக்டரி அழகாக விழுந்திருந்தது. துணியின் மேல்விளிம்பில் மட்டும் கொழுந்துக் கறை ஏறிய எட்டு விரல்கள். என் வகுப்பில் டவுன் பிள்ளைகளே அதிகம். அவர்களிடம் காட்டுமுன் அந்த விளிம்பைக் கத்தரித்து அடுப்பில் போட்டேன்.

அன்று மாலை அம்மா ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். வெட்டிய இடத்தில் பார்வை கொஞ்சம் நின்றது.

"துணி கொஞ்சங்கூட ஆடல, பாத்தியா" என்றாள்.

மகள் இன்னும் காத்திருந்தாள். "வேணாம், இருக்கட்டும்" என்றேன். கிளிப்பை வெட்டாமல் விட்டு இப்போது யாருக்கு என்ன பயன்?