உளுவைகள் மொய்த்த கப்பல்

ஆறு டிகிரித் தண்ணீருக்குள் ஆசைப்பட்டு இறங்குகிற ஆளை என்னவென்று சொல்வது? கனடாவில், மில்லிக்கனில் இருந்துகொண்டு பஸ் ஓட்டும் கந்தப்போடியை, தெரிந்தவர்கள் விசரன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில், ஒன்ராறியோ ஏரியில் முப்பது அடி ஆழத்தில் கிடக்கும் பழைய மரக்கப்பலைப் பார்க்க, கோடை தவறாமல் போகிறார்.

கப்பலைப் பார்க்கவா போகிறார்? மகளைத் தேடித்தான். ஆறு வயது தக்ஷிகாவைச் சொந்த ஊரான கல்லாற்றில் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கடலில் போனவர்களை மீன் தொட்டிருக்கும் என்று அப்போது ஊரே மீனை ஒதுக்கியது. ஒரு வருடத்தில் மற்றவர்கள் பழையபடி சாப்பிட்டார்கள். இவர் இன்றுவரை தொடவில்லை. செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்யவும் விடவில்லை. கல்லாறு எங்கே, இந்த உப்பில்லாத ஏரி எங்கே! அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மனம் கேட்டால்தானே?

இந்த ஆடி மாதமும் கூட்டாளி கிளிபோட்டுடன் இறங்கினார். பலகையெல்லாம் சின்னச் சின்ன மட்டிகள் அப்பிக் கிடந்தன. ரோர்ச் வெளிச்சத்துக்கு உளுவை மீன்கள் கூட்டமாய் வந்து கையுறையின் விரலைக் கொத்தின. அவர் கையை இழுக்கவில்லை. உள்ளே, உடைந்த மரமொன்றில் நீளமான பாசி தொங்கி மெல்ல ஆடியது. பின்னாத தலைமயிர்போல இருந்தது. பிடித்தார். கையோடு வந்துவிட்டது.

அதைப் பொத்திக்கொண்டு மகளின் முகத்தை நினைத்தார். வரவில்லை. சட்டை வந்தது, கொலுசு வந்தது, முகம் மட்டும் வரவில்லை. காற்று குறைகிறது என்று கிளிபோட் தோளைப் பிடித்து இழுக்கும்வரை அப்படியே கிடந்தார்.

"என்ன அண்ணை, மேல வர மனமில்லையோ?" என்றான் கிளிபோட், படகில் ஏறியதும்.



வீட்டுக்கு வந்ததும் மனைவி கோணேஸ்வரியிடம் நேரே போனார். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஐயருக்குப் போன் பண்ணு. புள்ளைக்கு அந்தியேட்டி செய்வம். எனக்கு அவள்ற முகம் மறந்துபோச்சு."

கோணேஸ்வரி குழாயைப் பூட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க கனடாவுக்கு வந்த அடுத்த வருசமே ஊரில செய்தாச்சு. என்ட தம்பிதான் செய்தவன்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நான் விட்டுட்டன். நீங்களும் விட்டுட்டா, புள்ளைக்கு ஆரு இரிக்கா?"