ஐம்பத்தோராவது பாட்டு

எங்கள் லைனில் பாட்டுப் பெட்டி செய்கிறோம். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு திருகு. போன் வேண்டாம், நெட் வேண்டாம், திருகினால் உள்ளே ஏற்றி வைத்த பாட்டு பாடும். முன்பெல்லாம் சாமிப் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம். போன வருஷம் ஒரே ஒரு பாடகருடைய பாட்டுகளை மட்டும் போட்டு ஒரு ஆர்டர் வந்தது.

அவர் சினிமாவில் அதிகம் பாடியவர் இல்லை. கேசட் காலத்தில் தனியாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஜீன்ஸ் சட்டையோடு அட்டையில் நின்றவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது கல்யாண வீட்டு ஒலிபெருக்கி முழுக்க அவர்தான். அதற்கப்புறம் ஆளே காணாமல் போனார். இப்போது அவருடைய பாட்டுகளில் ஹிட்டானவை என்று ஐம்பதைப் பொறுக்கி ஒரு பெட்டியில் அடைத்து விற்கலாம் என்று ஒரு கேசட் கம்பெனி நினைத்திருக்கிறது. எங்கள் மேனேஜரே நம்பவில்லை. எல்லாப் பாட்டும் போனில் சும்மா கிடைக்கிறது, இதை யார் வாங்குவார்கள் என்று லைனில் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

வாங்கினார்கள். தீபாவளிக்குள் முதல் ஆர்டர் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. போட்டார்கள். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் ஒன்று வாங்கி ஸ்டீயரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் வல்லக்கோட்டை முருகன் கோயில் கூட்டத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது நாலைந்து பாட்டாவது முடிந்துவிடும். என் வயதுக்காரர்கள் எல்லோரும் உதட்டை அசைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்போம். யாரும் வாய்விட்டுப் பாடமாட்டோம்.

என் வேலை கேட்பது. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஹெட்போனைச் செருகி முதல் பாட்டில் பத்து விநாடி, நடுப் பாட்டில் பத்து விநாடி, கடைசிப் பாட்டில் பத்து விநாடி கேட்க வேண்டும். கரகரப்பு இல்லை, இரண்டு பக்கமும் சத்தம் வருகிறது என்றால் பச்சை ஸ்டிக்கர். ஷிப்ட் முழுக்க இதுதான். பாட்டு தொடங்கும், நான் பிடுங்கிவிடுவேன். என்னிடம் ஒரு பாட்டும் முடிந்ததில்லை.

போர் அடிக்காதா என்று கேட்பார்கள். எனக்கு அந்த இடம்தான் வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் அது ஒரு காரணம். முதலில் வேலை பார்த்த இடத்தில் பக்கத்தில் இருப்பவளோடு பேசாமல் இருந்ததால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். இங்கே காதில் ஹெட்போன் இருக்கிறது. யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, நானும் பதில் தேட வேண்டியதில்லை. ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில்தான் இருக்கிறேன். ஒரு தப்பு நடந்தால் பேக்கிங்குக்கோ லோடிங்குக்கோ மாற்றிவிடலாம். அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்பது தவிர எனக்கு அங்கே வேறு கவலை இருந்ததில்லை.

இரண்டாவது ஆர்டர் வந்தபோது பெட்டியோடு வைக்கும் பாட்டு அட்டை மாறியிருந்தது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் இன்னும் ஒரு பாட்டு சேர்த்திருக்கிறார்கள். ஐம்பத்தொன்றாவதாக, கடைசியில் அச்சடித்திருந்த வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. எனக்கு அவர் பாட்டிலேயே பிடித்தது அதுதான். பஸ் ஸ்டாப்பில் ஒருத்திக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறவன் பாடுவது. என் அண்ணன் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த கேசட்டில் இருந்தது. அப்போது அண்ணனுக்கு ஐ.டி.ஐ., எனக்குப் பள்ளிக்கூடம். சாயந்திரம் ஆனால் அதைத்தான் போடுவோம். நாடா சுற்றிக்கொண்டு அறுந்து போகும்வரை போட்டோம். முதல் ஆர்டரில் அந்தப் பாட்டு இல்லை என்று எனக்கு மனசுக்குள் ஒரு குறை. யாரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு முதல் பெட்டி வந்தது. முதல் பாட்டு, நடுப் பாட்டு, அப்புறம் அது. மற்ற இரண்டும் இசையோடு தொடங்கும், குரல் வருவதற்குள் பிடுங்கிவிடுவேன்; இந்தப் பாட்டு மட்டும் இசை இல்லாமல் வெறும் குரலில் தொடங்கும். தொடங்கியது.

அவர் குரல் இல்லை.

நான் அறிந்த குரலில் லேசாக ஒரு கம்மல் இருக்கும். முதல் வார்த்தைக்கு முன் மூச்சை இழுப்பது கேட்கும். ஓடி வந்து நின்றவன் பாடுகிற மாதிரி இருக்கும். இதில் மூச்சுச் சத்தமே இல்லை. வழவழவென்று, அழகாக, யாரோ பாடினார்கள். ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினேன். இரண்டாவது பெட்டியிலும் அதே. மூன்று, நான்கு. யாரோ தவறான பாட்டை ஏற்றியிருக்கிறார்கள், இது ஊர் முழுக்கப் போகப் போகிறது என்று பயந்தேன். எங்கள் மேஜையில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் மேலே விளக்கு எரிந்து, ஒரு மெட்டு ஓடி, பெல்ட் நின்றுவிடும். ஆறு வருஷத்தில் நான் அதைத் தொட்டதில்லை. பத்துப் பெட்டிவரை விட்டேன். பதினோராவதில் அழுத்திவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஒரகடத்துப் பக்கத்துப் பையன்தான், டிப்ளமோ படித்தவர்.

"இன்னாக்கா, கை பட்டுச்சா?"

"கை படல தம்பி. நான்தான் அமுக்கினேன்."

"ஏன்க்கா?"

"கடைசிப் பாட்டு அவரு பாடல. வேற யாரோ பாடறாங்க."

அவர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். மறுபடி கேட்டார். "எனக்கு அவரு மாதிரிதான் கீது. நான் பொறந்ததே அப்புறம்தான்க்கா. கன்ஃபார்மா சொல்றீங்களா?"

"ம்."

பேக்கிங்கில் இருக்கிற பெண், வாயாடி, பெல்ட்டின் அந்தக் கடைசியிலிருந்து கத்தினாள்: "ஏய், அக்காவுக்கு வாய் கீதுன்னு இன்னிக்குத்தான்டி தெரியுது!" எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

கேசட் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் சூப்பர்வைசர். அந்தப் பக்கம் பேசியவர் பொறுமையானவர்.

"மாஸ்டர் டேப்லேருந்து எடுத்தது சார். அவரே எங்க ஆபீஸ்ல உக்காந்து கேட்டு ஓகே பண்ணாரு. சந்தேகமே வேணாம்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் போனுக்குப் பக்கத்தில் போய், "நான் கேசட்டுல கேட்டிருக்கேன் சார், அது வேற குரல்" என்றேன்.

"எந்த கேசட்டு மேடம்? அட்டையில அவரு போட்டோ பெருசா போட்டு, அடியில பொடி எழுத்துல வேற பேரு இருந்துதா?"

"பாக்கல சார்."

"அதான். அந்த டைம்ல அது மாதிரி நெறைய வந்துச்சு. பாட்டு அவருது, பாடினது வேற ஆளு. ஹிட் சாங்ஸ்னு போட்டு பஸ் ஸ்டாண்டுல வித்துட்டாங்க. நெறைய பேரு ஏமாந்தாங்க மேடம், நீங்க ஒருத்தர் இல்ல."

போனை வைத்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேக்கிங் பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ உங்களுக்குப் புடிச்சவரு டூப்பாக்கா?"

பெல்ட் மறுபடி ஓடியது. இருபத்தைந்து நிமிஷம் நின்றிருந்தது. மிச்ச ஷிப்ட் முழுக்க அந்த வழவழப்பான குரலைப் பத்துப் பத்து விநாடியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பச்சை ஒட்டினேன்.

லைன் நின்றால் 'ஏன்-ஏன் தாள்' எழுத வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தப்பு ஏன் நடந்தது என்று கேட்டு ஒரு பதில், அந்தப் பதில் ஏன் என்று இன்னொரு பதில், இப்படி ஐந்து ஏன். கடைசிக் கட்டத்தில் இனி என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். ஆள் மேல் குற்றம் எழுதக் கூடாது, வேலை முறையில் உள்ள ஓட்டையைத்தான் எழுத வேண்டும் என்று ட்ரெய்னிங்கில் சொல்லித் தருவார்கள். மறுநாள் காலை மீட்டிங்கில் அதை வைக்க வேண்டும்.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர். "கை பட்டுச்சுன்னு போட்டுடலாம். உள்ளத எழுதினா மேனேஜர் உங்க சீட்ட மாத்துன்னுவாரு. கை பட்டுச்சுன்னா பெருசா கேக்கமாட்டாரு."

நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் கை படவில்லையே. தாளை நானே வாங்கிக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தேன்.

லைன் ஏன் நின்றது? நான் பட்டனை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்? கடைசிப் பாட்டில் வேறு குரல் கேட்டது. ஏன் வேறு குரல் என்று தோன்றியது? எனக்குத் தெரிந்த குரல் வேறு. ஏன் அது வேறு? நான் கேட்ட கேசட் இன்னொருவர் பாடியது. இதுவரை சரசரவென்று எழுதிவிட்டேன். ஐந்தாவது ஏன்: அது அவர் இல்லை என்று எனக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை?

சாம்பார் ஆறிப் போனது. அந்த இன்னொருவரைப் பற்றி நினைத்தேன். பொடி எழுத்தில் இருந்தவர். ஒரு பகலுக்குள் பத்துப் பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மூச்சு வாங்கியதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஹிட்ஸ் என்று ஒரு காலத்தைத் தொகுக்கிறார்கள், அதில் அவருக்கு ஒரு வரி இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அவர் செய்தது திருட்டுக் கேசட் வேலை. ஆனாலும் எங்கள் வீட்டில் பாடியது அவர்தான். நான் ஏமாந்தேன் என்று அந்தப் போன்காரர் சொன்னார். ஏமாந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அதையா தாளில் எழுத முடியும்?

கடைசியில் உண்மையை எழுதினேன். 'பஸ் இரைச்சலிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் தவிர, நிஜப் பாடகரை நான் பத்து விநாடிக்கு மேல் நிதானமாகக் கேட்டதில்லை. சரியான பாட்டு எது என்று ஒத்துப் பார்க்க டெஸ்டிங்கில் எதுவும் இல்லை.' கீழே, என்ன செய்யலாம் என்ற கட்டத்தில், 'புது ஆர்டர் தொடங்கும் முன் டெஸ்டிங் ஆள் ஒரு பெட்டியை முழுவதும் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.'

மறுநாள் மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்களே படிங்கம்மா" என்றார். மீட்டிங் நின்றுகொண்டே நடக்கும். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். படித்தேன். இரண்டாவது ஏன் வரைக்கும் யாருக்கும் கேட்கவில்லை, "சத்தமாக்கா" என்றார்கள். கேசட் என்ற இடத்தில் சிரித்தார்கள். ஐந்தாவது ஏனில் சிரிப்பு நின்றது. நிறுத்தாமல் படித்து முடித்தேன்.

மேனேஜர் சூப்பர்வைசரிடம் கேட்டார்: "டெஸ்டிங்ல மாஸ்டர் சாம்பிளே கிடையாதா?"

"இல்ல சார். சவுண்டு வருதான்னு மட்டும்தான் பாக்கறோம்."

"நெஜமாவே தப்புப் பாட்டு ஏறி வந்திருந்தா? யாரு புடிச்சிருப்பா?" தாளில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த லாட்லேருந்து இந்தம்மா கேட்டு சைன் பண்ணாத்தான் லைன் ஓடணும். ஆனா, அம்மா, இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு. இனிமே டவுட்டுன்னா மொதல்ல கூப்பிடுங்க, அப்புறம் அமுக்குங்க."

நாற்காலி எனக்கே நின்றது.

பெட்டி விற்ற வேகத்தில் பதினைந்து நாளில் மூன்றாவது ஆர்டர் வந்தது. காலையில் லைனில் சாமிப் பாட்டுப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை ஆபீஸ் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சாம்பிளைக் கொடுத்து, கேளுங்கள் என்றார்கள். சம்பளத்துக்கு உட்கார்ந்து பாட்டு முழுவதும் கேட்டேன். ஐம்பது பாட்டு. இத்தனை நாள் நான் அறுத்துப்போட்ட பாட்டுகள் ஒவ்வொன்றும் அதன் முடிவுவரை போயின. அந்த மனிதர் நன்றாகத்தான் பாடுகிறார். சும்மா ஹிட் ஆகவில்லை.

மத்தியானம் ஐம்பத்தொன்றாவது வந்தது. எனக்குப் பழக்கமான இடத்தில் பாட்டு முடியவில்லை. இசை சுற்றி வந்து இன்னொரு சரணம் தொடங்கியது. நகல் எடுத்தவர்கள் நாடா போதாமல் அதை விட்டிருக்கிறார்கள் போல. அந்தச் சரணத்தில் பஸ் வருகிறது. அவள் இறங்குகிறாள். முப்பது வருஷமாக எனக்கு அது காத்திருக்கிறவனுடைய பாட்டு. அவள் வந்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறந்தார். "ஓகேவாக்கா? குரல் அவருதுதானே?"

"அவருதுதான் தம்பி."

"அப்போ சைன் பண்ணுங்க, லைன் வெயிட்டிங்."

"இந்த ஒரு பாட்ட இன்னொரு வாட்டி கேக்கணும்."

"அக்கா, முப்பது பேரு நிக்கிறாங்கக்கா."

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன்.