அம்மா சாட்சி சொன்ன ஞாயிறு

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது பிறந்த தம்பி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேயில்லை. அடுத்த மாதமே அம்மா மறுபடி சபைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரைக்கடியில் நடந்த சின்னச் சபை அது. சாட்சி நேரம் வந்தால் அம்மாதான் முதலில் எழுந்திருப்பாள். கர்த்தர் நல்லவர், எனக்குச் சமாதானம் தந்திருக்கிறார் என்பாள். எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அப்பா வைத்த ரசத்தை அவரும் நானும் சாப்பிடுவோம். அவர் எதுவும் கேட்கமாட்டார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தோழி. மலைக்கு அந்தப் பக்கம், கிரிவலப் பாதையிலிருந்த அடி அண்ணாமலையில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்த ஆன்ட்டி, கணவரை இழந்தவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எங்களோடு வந்தவர், அம்மா படுக்கப் போகுமுன் சொல்லிவிட்டார்.

“உனக்கு ஆண்டவர் மேல கோவம். அத ஏன் சபையில மூடி மூடி வைக்கிற?”

அம்மா போய் வாசல் கதவைத் திறந்துவைத்தாள். ஆன்ட்டி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் சபையில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். அம்மா சாட்சியை விடவில்லை. முன்னைவிட ஜாஸ்தியாகவே சொன்னாள்.

பிறகு ஒரு பௌர்ணமியன்று மத்தியானம், திடீரென்று என்னைக் கிளப்பினாள். பஸ்ஸெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். கிரிவலம் வந்த கூட்டம் முழுக்க எதிரே வர, நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தோம். ஒருவர் சிரித்துக்கொண்டே, மலையை இப்படிச் சுற்றக்கூடாதும்மா என்றார். அம்மா தலையாட்டினாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கால் வலித்ததைவிட அவள் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அடி அண்ணாமலையில், ஆன்ட்டி எங்களைக் கண்டு தையல் மெஷினை நிறுத்தினார். அம்மா வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

“எனக்கு ஜெபமே வர்ல. முட்டி போட்டா சண்டதான் வருது.”

“ஆண்டவரோட சண்ட போடு. எங்க வூட்டுக்காரர் போனப்புறம் நானும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு நடிச்சேன். ஒருத்தரும் கேக்கல. அதான் உன்ன சும்மா வுட முடியல.”

அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆன்ட்டி தேற்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் அம்மா எழுந்து நின்றாள். ஆன்ட்டி பக்கத்தில் இருந்தார்.

“எனக்கு இன்னும் சமாதானம் வர்ல. ஜெபம் பண்ணவும் முடியல. எனக்காக நீங்க பண்ணுங்க.”

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, சபையில் வாயே திறக்காத ஒரு பெண் பின்னாலிருந்து எழுந்து, தனக்கும் அப்படித்தான் என்றாள். இன்னும் ஒருத்தி அழத் தொடங்கினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நன்றாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அம்மாவை ஆன்ட்டி கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்த அம்மா படுக்கவில்லை. அடுப்படியில் அரிசி களைந்தபடி, யாரையோ ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கு விசுவாசம் போய்விட்டதென்று பயந்து, அதைத் திருப்பிக் கொடுக்கும்படி உள்ளறையில் முழங்கால்போட்டு நான் ஜெபித்தேன்.