பந்திக்கு முன் எழுந்து போனவர்

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில், முதலிபாளையம் பக்கம் நாங்கள் போகும் கிறிஸ்தவக் கோயிலில் நடந்தது இது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் என் வீட்டுக்காரர் இறந்திருந்தார். பனியன் கம்பெனியில் துணி ரோல் இறக்கிக்கொண்டிருந்தவரை, ரிவர்ஸ் எடுத்த டெம்போ சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஓட்டியவர் ஜார்க்கண்ட்காரர். விபத்து என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் முடியவில்லை.

அந்த மனிதர் எங்கள் கோயிலுக்கே வர ஆரம்பித்தார். அவரும் கிறிஸ்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு கோயிலா இல்லை, இங்கே வந்துதான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டுமா? சபையாருக்கும் பிடிக்கவில்லை. "வடக்கத்தி ஆளுகளுக்குத்தான் மத்தியானம் இந்தி ஆராதனை வெச்சிருக்கறமே, அங்க போகச் சொல்லுங்க" என்றார்கள். எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று பாடிய வாயால்தான் இதையும் சொன்னார்கள்.

அவர் கடைசி வரிசையில் உட்காருவார். அப்பமும் திராட்சைரசமும் கொடுக்கும் திருவிருந்துப் பந்தி தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். இதென்ன திமிர் என்று சபைப் போதகரான ஆயரிடம் கேட்டே விட்டேன்.

"திமிரு இல்லீங்க அம்மிணி. மனத்தாங்கல் இருக்கறவங்களோட சமாதானமாகி ஒப்புரவாகாம அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாதுன்னு அவருக்குச் சின்னதுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க கூப்பிடற வரைக்கும் எங்கயுமே அப்பம் வாங்க மாட்டாராமுங்க."

மனம் இளகவில்லை. கோபம்தான் கூடியது. பறிகொடுத்தவள் நான், இந்தப் பாரத்தையும் என் தலையிலேயே வைக்கிறாரே!

இயேசு கடைசி விருந்து கொடுத்த நாளான பெரிய வியாழன் சாயங்காலமும் எழுந்து போனார். என் காரணமாக ஓர் ஆள் அந்தப் பந்தியில் பட்டினி கிடப்பதைத் தாங்க முடியாமல் பின்னாலேயே போனேன். செருப்புகளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"உள்ள வாங்க."

"மன்னிச்சாச்சா, அக்கா?"

ஆண்டவர் வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை. "இன்னும் இல்லீங்க. இருந்தாலும் வாங்க" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு வந்தார். பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அவர் இரண்டு கையும் நீட்டி அப்பம் வாங்கினார்.

ஒப்புரவானால் நெஞ்சு லேசாகும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை, அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதறித் தீர்த்தேன். அவர் இன்றும் எங்கள் பந்திக்குத்தான் வருகிறார். அவரை இன்னும் மன்னித்து முடிக்காத நான்தான், ஒவ்வொரு முறையும் நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறேன்.