இரண்டாவது ஸ்டிக்கர்

சொன்ன சொல்லைக் கேட்டு நடப்பது ஒருவருடைய குணமா, அல்லது வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு விரலில் ஏறிவிட்ட பழக்கம்தானா? நாச்சியாரை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பயந்தவள் என்றும் அதே வேகத்தில் சொல்லிவிடலாம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாகிறது. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வேலை ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். மூடித் திருகி லைனில் வருகிற ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் வெள்ளி நிற சீல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நகம் பட்டாலே சதுரம் சதுரமாக உரிந்து காட்டிக்கொடுத்துவிடும் ரகம். சீலைக் கிழித்தவருக்கு மெமோ. மறுபடி கிழித்தால் வேலை இல்லை. நாச்சியார் இதுவரை மெமோ வாங்கியதில்லை. கம்பெனி கேட்டில் செல்போன் கேமராவின் மேல் ஒட்டிவிடும் சின்ன ஸ்டிக்கரை மற்றவர்கள் ஷிப்ட் முடிந்ததும் உரித்துப் போடுவார்கள். அவள் உரிப்பதில்லை. அதனால் அவள் போனில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

அவள் கணவன் மகாராஜா. ஒரு பிரஸ் ஷாப்பில், தகட்டை அழுத்தி வெட்டும் டை என்கிற இரும்பு அச்சுகளைப் பொருத்தும் ஃபிட்டராக இருந்தவன். போன வருடம் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அதன்பின் கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் இடது பெருவிரலை மையில் அழுத்திவிட்டு வந்தான். பேனாவைத் தொடவில்லை. ஆனால் நண்பன் அறைக்குப் போய், இடது கையால் மவுஸ் பிடித்துக் கம்ப்யூட்டரில் வரையப் பழகிக்கொண்டான். ஒரகடத்தில் டிசைன் ஆபீஸ் வைத்திருக்கும் சங்கரநாராயணன் ஒரு டையின் அளவுகளைக் கொடுத்தார். "திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள வரைஞ்சு அனுப்புங்க. சரியா இருந்தா வீட்ல இருந்தே வேலை. பிந்திட்டா நான் வேற ஆள் பாத்துக்குவேன்."

நண்பன் அறையைக் காலி செய்துவிட்டான். வல்லம் வடகால் பழைய சாமான் கடையில் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது, எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியினுடையது. அதிலிருந்த பழைய விண்டோஸில் வரையும் சாஃப்ட்வேர் ஓடாது. மகாராஜா புதியதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து சனிக்கிழமை முழுக்கப் போராடினான். ஒவ்வொரு முறையும் பென் டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பழைய விண்டோஸே வந்து நின்றது. வந்தபின் அதே பென் டிரைவை நன்றாகவே படித்தது. உள்ளே இருந்தபடி ஏற்றப் பார்த்தான். இரண்டும் வேறு ரகம் என்று மறுத்துவிட்டது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள் போய் எது முதலில் என்ற வரிசையை மாற்றினான். பென் டிரைவையும் மாற்றினான்.

"இதுக்கு எம்மேல என்னமோ கோவம்."

"கோவம்லாம் இல்லங்க. வயசாளி. பழகுன சோத்தத்தான் திங்கும்" என்றாள் நாச்சியார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ரகு கடைக்குப் போனாள். ரகு உள்ளூர்க்காரன், பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். பெட்டியைத் திருப்பிப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

"பென் டிரைவ எங்கக்கா சொருவுனீங்க? பின்னாடியா? அது ஸ்கேனருக்காக அப்பால போட்ட கார்டு. விண்டோஸ் வந்தப்புறம்தான் அதுக்கு உசுரு வரும். பூட் ஆவுற நேரத்துல அது செத்த பொணம்."

"பின்னாடி மத்த பென் டிரைவ் ஓட்டையெல்லாம் பசை ஊத்தி அடைச்சிருக்காங்களே."

"முன்னாடி ரெண்டு போர்ட்டு கீதே. அது போர்டோடவே பொறந்தது."

முன்னால் இரண்டு போர்ட்டுகள் இருந்தன. இரண்டின் மேலும், ஃபைல் எதுவும் வெளியே போகாமலிருக்க அந்தப் பழைய கம்பெனி ஒட்டிய வெள்ளி நிற சீல். நாச்சியாரும் மகாராஜாவும் அவற்றைப் பார்க்காமல் இல்லை. சீல் வைத்த இடம் அவர்களுக்குச் சுவர் மாதிரி. சுவரில் யாரும் பென் டிரைவ் சொருகிப் பார்ப்பதில்லை.

ரகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். நாச்சியார் உள்ளங்கையால் சீலை மூடினாள்.

"தொடாதீங்க."

"இன்னாக்கா நீ? அந்தக் கம்பெனியே மூட்டை கட்டிக்கினு போயி நாலு வருசம் ஆவுது. சீலு மட்டும் இன்னும் டூட்டி பாக்குது."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியை மறுபடி போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நடந்ததைக் கேட்டுவிட்டு மகாராஜா முன்பக்கச் சீலைக் குனிந்து பார்த்தான். பிறகு, "அவனே உரிச்சிருப்பாம்லா" என்றான்.

"அவருக்கு உரிக்கத் தெரியாது. எங்க லைன்ல சீல் கழட்டுனா புக்குல எழுதணும். கழட்டுனவங்க ஒரு கையெழுத்து, பாத்தவங்க ஒரு கையெழுத்து."

"இங்க புக்குக்கு எங்க போவ?"

காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்தாள். பின்பக்கத்தில் தேதி எழுதினாள், நேரம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'இவங்க வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"ரேகை வைக்கட்டா?"

"ரேகைல்லாம் லைன்ல செல்லாது. சூப்பர்வைசர் ஏசுவாரு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இடது கையில் பேனாவை எடுத்தான். எழுத்துகள் சரிவில் இறங்கும் சைக்கிள் மாதிரி கீழே கீழே போயின. கடைசி எழுத்துக்குத் தாளில் இடம் போதவில்லை. நாச்சியார் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு, "சரி" என்றாள்.

பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை முதல் சீலின் மேல் ஒட்டிப் பிடித்து, பசை இளகியதும் பெருவிரல் நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினாள். அப்படியும் நான்கைந்து சதுரங்கள் பெட்டியிலேயே தங்கிவிட்டன. அவற்றைச் சுரண்டவில்லை. உரிந்ததைக் காலண்டர் தாளில் கையெழுத்துகளுக்குக் கீழே ஒட்டினாள்.

பென் டிரைவைச் சொருகி மகாராஜா பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது. இந்த முறை பழையது வரவில்லை.

"நாச்சி, இங்க பாரு. மொழி எதுன்னு கேக்குது."

"நம்ம மொழியச் சொல்லுங்க."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரைபடம் போனது. மாலைக்குள் சங்கரநாராயணன் அடுத்த டையின் அளவுகளை அனுப்பினார். பாராட்டு எதுவும் எழுதவில்லை. மகாராஜாவுக்கு அந்த அளவுகளே போதுமாக இருந்தன.

சில மாதங்களில் பின்னால் தனி உருண்டை ஓட்டையில் சொருகியிருந்த பழைய மவுஸ் செத்துப்போனது. புது மவுஸின் வயர் பின்பக்கத்திலிருந்து மேசைக்கு எட்டவில்லை; திறந்திருந்த முன் போர்ட்டில் ஏறிக்கொண்டது. வரைந்ததைப் பென் டிரைவில் எடுக்க இப்போது பின்பக்கம்தான் வழி. பெட்டி சுவரோடு ஒட்டி மேசைக்கு அடியில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் நாச்சியார் மேசைக்குள் தவழ்ந்துபோய்ச் சொருகிக் கொடுத்துவிட்டு, தலையில் ஒட்டடையோடு வெளியே வருவாள்.

"அந்த ரெண்டாவதையும் உரிச்சிட்டா உனக்கு இந்தப் பாடு இல்லைல்லா. எழுது, கையெழுத்துப் போடுதேன்" என்றான் மகாராஜா.

"அது இருக்கட்டும்."

ஏன் என்று அவன் கேட்டான். அவள் அரிசி களையப் போய்விட்டாள். பிறகும் இரண்டொரு முறை கேட்டுப் பார்த்தான். சித்திரை வெயிலில் அறை கொதித்தபோது அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை தானாகவே எழும்பியது. தவழ்ந்து வெளியே வருகிற வழியில் நாச்சியார் அதைப் பார்த்தாள். பெருவிரலை வைத்து, பத்து எண்ணும் நேரம் அழுத்தி, ஒட்டிவிட்டு எழுந்தாள்.