அசீம் சொன்ன சாப்பாடு

ஒருவன் தின்று வளர்க்கிற உடம்பு அவனுடையதுதானா? முபாஷிரின் வாழ்க்கையைப் பற்றி யோசித்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

அவன் அண்ணன் அசீம் ஷார்ஜாவில் விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான். விருத்தாசலத்து வீட்டில் யாரும் கடைசியாக முகம் பார்க்கவில்லை. மிஞ்சியது அவன் தம்பிக்குப் போனில் பேசி அனுப்பியிருந்த குரல்தான்.

"புரோட்டீன் பவுடர் டப்பாவுக்கு அலையாதடா. முட்டை, கொண்டக்கடலை, மீனு போதும். ஒரே வேளையில அமுக்காம பிரிச்சுத் தின்னு. எடை தூக்கறப்ப ஒடம்பு வளராது, தின்னுட்டுத் தூங்கறப்பதான் வளரும். நீ எங்க தூங்கற, ஓணான்!"

பீங்கான் கம்பெனியில் வார்ப்பு அச்சுகளைச் சுமந்துவிட்டு முபாஷிர் நேராக ஜிம்முக்குப் போவான். குரல் சொன்னபடியே தின்றான், தூங்கினான். தொளதொளவென்று கிடந்த அண்ணனின் சட்டைகள் மெல்ல மெல்ல அவன் உடம்பில் கச்சிதமாகப் பொருந்தத் தொடங்கின.

அம்மா ஜைத்தூன் பீவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் முட்டை வேகும்போது அடுப்பைப் பார்த்தபடியே, "அசீமு, எழுந்திருப்பா" என்பாள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஒருநாள் பின்னால் நின்றிருந்த முபாஷிர், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, அண்ணன் குரலை இழுக்கிற மாதிரியே இழுத்து, "வரேம்மா" என்றான்.

திரும்பினாள். அந்தத் தோளைப் பார்த்த கண்ணில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. முகத்தைப் பார்த்ததும் அணைந்தது.

"நீ ஏன்டா பதில் சொன்ன? பதிலு வராதுன்னு தெரிஞ்சுதான்டா தெனமும் கூப்புடறேன். இனிமே இந்த வூட்டுல அவன எப்படிறா கூப்புடுவேன்?"

மறுநாளிலிருந்து முட்டை மட்டும் வெந்தது. அவளிடம் மிச்சமிருந்த அந்த அழைப்பையும் பறித்துவிட்டோமே என்பது ஒவ்வொரு வாய்க்கும் அவனுக்கு நினைவில் வந்தது. ஆனாலும் தின்றான். தசைக்கு வெட்கம் கிடையாது; அது தன்பாட்டுக்கு வளர்ந்தது.

நெய்வேலியில் ஆணழகன் போட்டி. பெயர் கேட்டவரிடம் "அசீம்" என்றான்.

ஜிம் மாஸ்டர் திலீபன் முறைத்தார். "ஏன்டா, சொந்தப் பேரே மறந்துபோச்சா? மூளைக்கும் ரெண்டு முட்டை குடுடா!"

எண்ணெய் பூசிய உடம்போடு முபாஷிர் வரிசையில் போய் நின்றான்.

மைக்கில் அழைத்தார்கள். "அசீம்!" மறுபடியும், "விருத்தாசலம் அசீம்! வந்திருக்கீங்களா?"

"போடா, ஒன்னதான் கூப்புடறாங்க" என்று திலீபன் முதுகில் கைவைத்துத் தள்ளினார். மேடைப் படியருகே முபாஷிர் கண்ணை மூடி, அம்மா கூப்பிடாமல் விட்ட அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பெயரை அழைக்கும்வரை அவன் பதில் சொல்லவுமில்லை, நகரவுமில்லை. ஏனென்று திலீபனிடமோ அம்மாவிடமோ பிறகும் சொன்னதில்லை.