பொட்டலக் காகிதத்தை நம்பிக் கள்ளிக்குப்பம் போனது

காலை ஆறு மணிக்குக் குமணன்சாவடியில் வண்டி கட்டினேன். யுத்தத்துக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர் தேடி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் புறப்பட்டது என் நாயைத் தேடி.

என்னைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுமந்து ஆரம்பித்தவன், இன்றைக்கு மூன்று சூளைக்குச் சொந்தக்காரன். படிப்பு வந்தது ஐம்பது வயதுக்குமேல். சூளைக் கணக்கர் நாலு எழுத்துக் காட்டினார், மிச்சத்தையெல்லாம் பக்கோடாப் பொட்டலத்தில் நானே கற்றேன். தினமும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே காகிதத்தை உரக்கப் படிப்பேன். கிழிந்த இடம் வந்ததும் "கிழிஞ்சிது" என்று சொல்லி நாயிடம் நீட்டுவேன். அது எண்ணெயை நக்கிவிட்டுக் காகிதத்தையும் தின்றுவிடும். எங்கள் இருவர் படிப்பும் இப்படித்தான் வளர்ந்தது.

நாயின் பெயர் தொரை. நிறம் வெள்ளை, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது, வேறென்ன பெயர் வைப்பது? இரண்டு மாதத்துக்கு முன் ஆவடிக்கு இறைச்சி ஏற்றிப்போன பட்டாளத்து லாரியில் தாவி ஏறிப் போய்விட்டது. "நைனா, ஒன் தொரை பட்டாளத்துல சேந்துட்டாரு" என்று டீக்கடை கோவிந்தசாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டான். என் படிப்பும் அவனுக்கு இளக்காரம்தான். பொட்டலக் காகிதம் பழையதுதானே. "ஒன் பேப்பர்ல சண்டையே இன்னும் ஆரம்பிக்கல நைனா" என்பான்.

அந்தப் பொட்டலத்தில்தான் முந்தின நாள் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை நாய், இடது காது பாதி இல்லை, கழுத்தில் பித்தளை மணி, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று கள்ளிக்குப்பத்து விலாசம். என் தொரையேதான். தேதியிருந்த ஓரம் மட்டும் இல்லை. வந்து ஒரு வாரமோ, ஒன்றரை மாதமோ. அதற்குள் வேறு எவனாவது கொண்டுபோயிருந்தால் என்ன செய்வது?

பருத்திப்பட்டில் மாடுகளுக்குக் கூவத்துத் தண்ணீர் காட்டிவிட்டு, ஐந்து மைல் கடந்து எட்டு மணிக்கு ஆவடி சேர்ந்தோம். வயல் கிடந்த இடமெல்லாம் தகரக் கொட்டகை, லாரிப் புழுதி. அந்தக் கொட்டகைகளுக்குத் தரை போட்ட செங்கலில் பாதி என் சூளையில் வெந்தது. சிப்பாய்களைக் கண்டதும் வண்டிக்கார முனுசாமி என் காதருகே வந்து, "இங்க நாய் பேரச் சொல்லிக் கூவாத நைனா, புட்சி உள்ள போட்ருவான்" என்றான்.

அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன். டிக்கெட் ஒன்றேகால் அணா. எதிரே, வெளியூரில் வீடு கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்த பட்டணத்து அம்மாள் ஒருத்தி கிளிக்கூண்டோடு இருந்தாள். வெங்கலப் பாத்திரங்களை வீட்டில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தாளாம், கிளியை மட்டும் விட மனசு வரவில்லையாம். நாயைத் தேடிப் போகிறேன் என்றதும் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

அம்பத்தூரில் இறங்கி நடந்து, ஒன்பதரைக்குக் கள்ளிக்குப்பம். வீட்டுக்காரர் உத்தியோகம் முடிந்த சர்க்கார் குமாஸ்தா, பட்டணத்திலிருந்து குடி வந்தவர். கதவைப் பாதிதான் திறந்தார்.

"மூன்று பேர் வந்து போயாயிற்று. காதும் மணியும் பேப்பரிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பேப்பரில் போடாத அடையாளம் சொல்லும்."

நாயின் பெயரைச் சொன்னேன். அவர் வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்லும்படி கைகாட்டினார். கொல்லைப்புறத்தில் மணி அசைகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன். தொரையாவது வருவதாவது.

நாய் எங்களோடு பழகிவிட்டது, போய்வாரும் என்று அவர் கதவைச் சாத்தப் போனார். நாற்காலிமேல் அன்றைய பேப்பர் கிடந்தது. அதைக் கொடுங்கள் ஐயா என்றேன்.

"உமக்குப் படிக்க வருமா?"

வாங்கி, வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, உரக்க எழுத்துக் கூட்டினேன். மூன்றாவது வரியில் மணிச்சத்தம் கிட்டே வந்தது. நாலாவது வரியில் என் முழங்கால்மேல் ஒரு கால் விழுந்தது. என் தொரை! குமாஸ்தாவின் சம்சாரம் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான். முழுப் பேப்பரை நான் அதுவரை தொட்டதில்லை. எவ்வளவு படித்தும் கிழிந்த இடம் வரவில்லை, நாயோ காத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பத்தி முடிந்து அடுத்ததும் முடிந்தது. தொண்டை வறண்டு, கடைசியில் நானே மூலையைக் கிழித்து, "கிழிஞ்சிது" என்று நீட்டினேன். எண்ணெய்ப் பசையே இல்லாத அந்தக் காகிதத்தை எனக்காகத் தின்றது தொரை.

குமாஸ்தா பேப்பரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். "அழைத்துப் போம். பேப்பரும் உமக்கே" என்றார்.

நாயை ரயிலில் ஏற்ற விடவில்லை. ஆவடிக்கு ஆறு மைல் நடந்தேன், இந்த அறுபது வயதில். வழிநெடுக ஒன்று தோன்றியது. பட்டணத்தார் அன்றன்றைக்குச் சேதி படித்துவிட்டு ஊரைவிட்டு ஓடிவருகிறார்கள். பழைய சேதி படிக்கிற நான் என் ஊரில்தான் இருக்கிறேன்.

மாலை ஐந்துக்குக் குமணன்சாவடி. நேரே கோவிந்தசாமி கடைக்குப் போய் நடு பெஞ்சியில் உட்கார்ந்து, இன்றைய சேதியை இன்றைக்கே படித்தேன். கடையில் பத்துப் பேர். கோவிந்தசாமி கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

"அப்பால இன்னா நைனா? வெள்ளக்காரன் எப்ப போறானாம், போட்டுக்கீதா?"

கிழிந்த மூலையைத் தூக்கிக் காட்டினேன்.

"போட்டுத்தான் இருந்திச்சி. தொரை துன்னுட்டாரு."